பள்ளியைப் பழுதுபார்க்கும் நாளில் சாட்சியும் வேண்டும்

(ஜமாஅத் ஆண்டுப் பொதுக்குழுவில் பள்ளி இமாம் அவர்கள் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

 

 

இவ்வாண்டுப் பொதுக்குழுவின் முன் வைக்கப்பட்டுள்ள தீர்மானங்களில் தலையாயது நமது உள்பள்ளியின் திருப்பணியாகும். மேல்தளம் மழைக்காலத்தில் ஒழுகுகிறது. உத்தரங்கள் சில உளுத்துவிட்டன. தரை ஓரிடத்தில் தாழ்ந்தும் ஓரிடத்தில் உயர்ந்தும் கிடக்கிறது. ஆகவே தளத்தைப் பிரித்துக் கட்டுவது, பழைய காரையைச் சுரண்டிப் புதிதாகப் பூசுவது, தரையைப் பெயர்த்துக் கல் பதிப்பது, மழைநீர் வெளியேறக் கால்வாய் வெட்டுவது ஆகிய நான்கு பணிகளை நிர்வாகம் முன்மொழிந்திருக்கிறது. இது அவசியமான பணி. இதனை நாம் முழு மனத்துடன் வரவேற்கிறோம். தொழுகையாளியின் தலையில் நீர் சொட்டும் பள்ளியைப் பழமையின் பெயரால் அப்படியே விட்டுவைப்பது அறிவுடைமையாகாது.

ஆயினும் இத்தீர்மானத்தோடு ஒரு சிறு வாசகத்தையும் சேர்க்குமாறு வேண்டவே நாம் இன்று பேச எடுத்துக்கொண்டோம். காரை சுரண்டப்படும்போதும், தரை பெயர்க்கப்படும்போதும், மண் வெட்டப்படும்போதும், தொல்லியல் அறிந்த ஒருவர் அருகில் நின்று, வெளிப்படுவனவற்றைப் பார்த்து, அளந்து, படமெடுத்து, எழுதிவைக்க வேண்டும். அவ்வளவே. தொல்லியலார் இதனைக் கண்காணிப்புப் பணி என்பர். இது நமக்குப் புதிய காரியமன்று என்பதையும், இதைச் செய்தவர்கள் என்ன பெற்றார்கள் என்பதையும் சற்று விரிவாகப் பார்ப்போம்.

கஅபாவின் அத்திவாரமும் நேர்மையான சாட்சிகளும்

ஹிஜ்ரி 64ஆம் ஆண்டு, அதாவது கி.பி. 683இல், மக்கா முற்றுகையிடப்பட்ட வேளையில் புனித கஅபா தீக்கிரையாகிச் சுவர்கள் பழுதுற்றன. அப்துல்லாஹ் இப்னு ஸுபைர் (ரலி) அவர்கள் அதைப் புதுப்பிக்க நாடியபோது மக்களைக் கூட்டி ஆலோசனை கேட்டார்கள். முழுவதையும் இடித்துக் கட்டுவதா, பழுதானதை மட்டும் சீராக்குவதா என்பதே கேள்வி. இப்னு அப்பாஸ் (ரலி) அவர்கள் கூறிய ஆலோசனை ஹதீஸ் நூல்களில் பதிவாகியுள்ளது. பலவீனமான பகுதியைச் சீர்செய்யுங்கள். மக்கள் எந்த இல்லத்தைப் பார்த்து இஸ்லாத்தை ஏற்றார்களோ அந்த இல்லத்தையும் அதன் கற்களையும் அப்படியே விட்டுவிடுங்கள் என்ற கருத்தை அவர்கள் முன்வைத்தார்கள். பழங்கட்டடங்களைப் பேணுவோர் இன்று கூறும் முதல் விதியும் இதுவே.

இப்னு ஸுபைர் (ரலி) அவர்கள் மூன்று முறை இஸ்திகாரா செய்து, இடித்துக் கட்டுவதென முடிவெடுத்தார்கள். அதற்கு அவர்களிடம் வலுவான ஆதாரம் இருந்தது. குறைஷியர் கஅபாவைக் கட்டியபோது பொருள் போதாமையால் இப்ராஹீம் (அலை) அவர்களின் அத்திவாரத்தினின்றும் குறைத்துக் கட்டினர் என்று நபி (ஸல்) அவர்கள் தெரிவித்திருந்ததை, தம் சிற்றன்னை ஆயிஷா (ரலி) அவர்களிடம் அவர்கள் கேட்டிருந்தார்கள். ஆயினும் கேட்ட செய்தியை மட்டும் நம்பிச் சுவரெழுப்பாமல், ஹிஜ்ர் பகுதியில் நிலத்தை அகழ்ந்து பழைய அத்திவாரத்தை வெளிப்படுத்தினார்கள். மக்கள் அதனைக் கண்ணால் கண்டார்கள். அதன் பின்னரே அதன்மீது சுவர் எழுந்தது. பணி நடந்த காலமெல்லாம் தூண்களை நட்டுத் திரைகளைத் தொங்கவிட்டு, மக்கள் கிப்லாவை முன்னோக்குவதற்கும் வழிசெய்தார்கள்.

அந்த அத்திவாரத்தைக் கண்டவர்களுள் யஸீத் இப்னு ரூமான் (ரஹ்) என்பாரும் ஒருவர். அதன் கற்கள் ஒட்டகத்தின் திமில்களைப் போல் இருந்தன என்று அவர் அறிவித்தார். அதைக் கேட்ட ஜரீர் (ரஹ்) என்னும் அறிவிப்பாளர், அது எந்த இடம் என வினவினார். யஸீத் அவரை ஹிஜ்ருக்குள் அழைத்துச் சென்று இடத்தைச் சுட்டினார். ஜரீர் அதனை மதிப்பிட்டு, ஏறத்தாழ ஆறு முழம் என்று குறித்துவைத்தார். இந்த நிகழ்ச்சியைச் சற்று ஊன்றிக் கவனியுங்கள். கண்டவர் யார் என்பது இருக்கிறது. கண்ட பொருளின் வடிவம் இருக்கிறது. இடம் இருக்கிறது. அளவு இருக்கிறது. ஒரு தொல்லியலாளர் தம் குறிப்பேட்டில் எழுதவேண்டிய நான்கும் ஸஹீஹுல் புகாரியின் ஒரே அறிவிப்பில் அடங்கிவிட்டன.

இவ்வரலாற்றுக்கு ஒரு பின்பகுதியும் உண்டு. இப்னு ஸுபைர் (ரலி) அவர்கள் ஷஹீதான பின் ஹஜ்ஜாஜ், கலீஃபா அப்துல் மலிக்குக்குக் கடிதம் எழுதினார். மக்காவின் நேர்மையாளர்கள் கண்ணால் கண்ட அத்திவாரத்தின் மீதே இக்கட்டடம் எழுப்பப்பட்டுள்ளது என்பதை எதிர்த்தரப்பினராகிய அவரே அக்கடிதத்தில் ஒப்புக்கொண்டு எழுதவேண்டியதாயிற்று. சாட்சியத்தின் வலிமை அத்தகையது. எனினும் கலீஃபாவின் ஆணைப்படி ஹிஜ்ரின் பகுதி மீண்டும் இடித்து வெளியே விடப்பட்டது. பின்னர் ஒருநாள், ஆயிஷா (ரலி) அவர்களிடமிருந்து அச்செய்தியைத் தாமே கேட்டதாக மற்றொருவரும் உறுதிகூறக் கேட்ட அப்துல் மலிக், கைத்தடியால் தரையைக் கீறியவாறு சிந்தித்து, அதை அப்படியே விட்டிருக்கலாமே என வருந்தினார். சாட்சியம் அவரை வந்தடைந்தது. ஆனால் இடித்த பின்னர் வந்தடைந்தது. திருப்பணி செய்வோர் அனைவரும் நெஞ்சில் நிறுத்தவேண்டிய நிகழ்ச்சி இது.

இடமே பொருளின் ஸனது

ஹதீஸ் கலையில் மத்தன் என்றும் ஸனது என்றும் இரண்டு உண்டு. மத்தன் என்பது செய்தி. ஸனது என்பது அச்செய்தி யாரிடமிருந்து யார் வழியாக வந்தது என்னும் தொடர். செய்தி எத்துணை அழகாயிருப்பினும் ஸனது அறுந்துபோனால் அதன்மீது சட்டம் எழுப்ப இயலாது.

பழம்பொருளுக்கும் இதே நிலைதான். மண்ணிலிருந்து கிடைத்த ஒரு காசையோ, ஓட்டையோ, எழுத்துள்ள கல்லையோ கையில் வைத்துப் பார்த்தால் அது மத்தன் மட்டுமே. அது எந்தச் சுவரின் அடியில், எத்தனை அடி ஆழத்தில், எந்தத் தரைக்கு மேலாக, எந்தத் தரைக்குக் கீழாக, எவற்றோடு சேர்ந்து கிடந்தது என்பதே அதன் ஸனது. சுண்ணாம்புத் தரை ஒன்றின் அடியில், அந்தத் தரை உடையாத நிலையில், ஒரு காசு கிடக்குமாயின் அந்தத் தரை அக்காசுக்குப் பிந்தியது என்று துணிந்து கூறலாம். அதே காசைக் கொத்தனார் எடுத்து ஜன்னல் விளிம்பில் வைத்துவிட்டால், அது காசைப் பற்றி மட்டுமே பேசும். பள்ளியைப் பற்றி ஒன்றும் பேசாது. பெயர்த்தெடுத்த பின் அந்த ஸனதை எவராலும் மீண்டும் இணைக்க முடியாது. அதனால்தான் பெயர்க்கும் வேளையிலேயே சாட்சி நிற்கவேண்டும் என்கிறோம்.

மஸ்ஜிதுல் அக்ஸாவில் நடந்த பணி

இதற்குத் தக்க உதாரணம் நம் முதல் கிப்லாவாகிய பைத்துல் முகத்தஸிலேயே இருக்கிறது. 1922இல் ஃபலஸ்தீனின் உயர் முஸ்லிம் சபை, அக்ஸா பள்ளியின் பழுதுகளைச் சீர்செய்ய, துருக்கியைச் சேர்ந்த கட்டடக் கலைஞர் கமாலுத்தீன் அவர்களை அழைத்தது. குப்பாவைத் தாங்கும் பகுதியும் வளைவுகளும் பலப்படுத்தப்பட்டன. அப்பணியின்போது வளைவுகளின் மேல் பூசப்பட்டிருந்த காரையை நீக்கியபோது, அதன் கீழே வண்ணக்கற்கள் பதித்த சித்திர வேலைப்பாடுகளும் எழுத்துகளும் வெளிப்பட்டன. அவை 1033ஆம் ஆண்டின் நிலநடுக்கத்திற்குப் பிறகு பள்ளியைப் புதுப்பித்த ஃபாத்திமீ கலீஃபா ளாஹிரின் காலத்தவை. காரையைக் கண்மூடித்தனமாகக் கொத்தியிருந்தால் மறைந்து கிடந்த அந்த வேலைப்பாடு ஒரு காலைப்பொழுதில் குப்பைக் கூடையில் போயிருக்கும்.

பின்னர் 1927இலும் 1937இலும் நிலநடுக்கங்கள் பள்ளியைக் கடுமையாகத் தாக்கின. 1938 முதல் 1942 வரை மிகப்பெரும் திருப்பணி நடந்தது. நடுக்கூடமும் கிழக்குப் பகுதியும் பெருமளவுக்குப் பிரித்துக் கட்டப்பட்டன. பழைய தூண்கள் அகற்றப்பட்டு இத்தாலியப் பளிங்குத் தூண்கள் நிறுத்தப்பட்டன. எகிப்து மன்னர் ஃபாரூக் மேல்விதானத்திற்கான செலவை ஏற்றார். அப்பொழுது ஃபலஸ்தீனின் தொல்லியல் துறைக்கு இயக்குநராயிருந்தவர் ராபர்ட் ஹாமில்டன் என்னும் ஆங்கிலேயர். பணியை நடத்தியது முஸ்லிம்களின் சபை. அவர் தமக்கென ஓர் ஆய்வுக்குழி திறந்து ஆராய வந்தவரல்லர். கட்டுவோர் எங்கே சுவரைப் பிரித்தார்களோ, எங்கே தரையைப் பெயர்த்தார்களோ, அங்கே வெளிப்பட்டதைப் பார்த்து, அளந்து, வரைந்து, படமெடுத்தார். 1949இல் அக்குறிப்புகளை நூலாக வெளியிட்டபோது, அறுவடை முடிந்த வயலில் சிந்திய கதிர் பொறுக்குவதற்குத் தம் பணியை ஒப்பிட்டு அதன் தலைப்பில் குறித்தார். அடக்கமான சொல்; ஆனால் பொருத்தமான சொல்.

அவர் பொறுக்கிய கதிர்கள் என்ன? இன்றுள்ள தரையின் அடியிலும் சுவர்களின் இணைப்புகளிலும் முந்தைய பள்ளிகளின் எச்சங்கள் தென்பட்டன. சுவரும் சுவரும் சேருமிடத்தில் கற்கள் ஒன்றோடொன்று கோத்துக் கட்டப்பட்டிருந்தால் அவை ஒரே காலத்தவை. ஒன்று மற்றொன்றின்மீது வெறுமனே சாய்ந்து நின்றால் சாய்ந்திருப்பது பிந்தியது. இத்தகைய அடையாளங்களைக் கொண்டு, பள்ளி மூன்று கட்டங்களில் வளர்ந்தது என்று அவர் வகுத்தார். முதற்கட்டத்துப் பள்ளி இன்றுள்ளதைவிட நீளத்தில் குறைந்தது என்பதும் தெரியவந்தது. மேற்கூரையிலிருந்து இறக்கப்பட்ட பழைய மரங்களும் செதுக்குவேலை கொண்ட பலகைகளும் விறகாகிவிடவில்லை. அவற்றுட் பல, ஹரம் ஷரீஃபின் வளாகத்திலுள்ள இஸ்லாமிய அருங்காட்சியகத்திலும், நகரின் தொல்பொருள் அருங்காட்சியகத்திலும் பாதுகாக்கப்பட்டன. பல்லாண்டுகள் கழித்து மரவியலார் அம்மரங்களைச் சோதித்து, அவற்றுள் தேவதாரு மரமும் சைப்ரஸ் மரமும் இருப்பதைக் கூற முடிந்தது.

இம்மூன்று கட்டங்களுள் எது எந்தக் கலீஃபாவின் காலத்தது என்பதில் அறிஞர்களிடையே கருத்து வேறுபாடு உண்டு. உமையாக்கள் கட்டியது எவ்வளவு, அப்பாஸிய கலீஃபா மஹ்தி கட்டியது எவ்வளவு என்று இன்றும் வாதிக்கின்றனர். ஹாமில்டனே 1992இல் வெளியான ஒரு கட்டுரையில் இக்கேள்விக்குத் திரும்பி வந்தார். அரை நூற்றாண்டுக்குப் பிறகு ஒருவர் தம் முடிவை மீண்டும் நிறுத்துப் பார்க்க முடிந்ததெனில், 1938இன் குறிப்பும் படமும் கைவசம் இருந்தமையே காரணம். அந்தத் தரை இன்று மூடப்பட்டுவிட்டது. அந்தச் சுவர்கள் இன்று இல்லை. முடிவுகள் மாறலாம். பதிவு மட்டும் இல்லாதிருந்தால் வாதிப்பதற்கே எதுவும் எஞ்சியிராது.

அக்ஸாவின் வரலாற்றில் இன்னொரு துயர நாளும் உண்டு. 1969 ஆகஸ்ட் 21ஆம் நாள் ஒருவன் பள்ளிக்குத் தீவைத்தான். சுல்தான் நூருத்தீன் ஹலபில் செய்வித்ததும், சுல்தான் ஸலாஹுத்தீன் (ரஹ்) அவர்கள் பைத்துல் முகத்தஸுக்குக் கொண்டுவந்ததுமான மிம்பர் எரிந்து போயிற்று. ஆணியின்றி, பசையின்றி, ஆயிரக்கணக்கான சிறு மரத்துண்டுகளைக் கோத்துச் செய்த மிம்பர் அது. எஞ்சிய துண்டுகளையும் பழைய புகைப்படங்களையும் ஆதாரமாகக் கொண்டு ஜோர்தானில் அதே முறையில் புதிய மிம்பர் செய்யப்பட்டு, 2007இல் அக்ஸாவில் நிறுவப்பட்டது. படமெடுத்தவர்கள் தீ வரும் என்று எண்ணி எடுத்தார்களா? இல்லை. ஆயினும் தீ வந்தபோது அப்படங்களே அமானிதத்தை மீட்டுத் தந்தன.

அதே தீயில் குப்பாவின் உட்புறத்து வண்ண ஓவியங்கள் முற்றிலும் அழிந்தன என்றே எல்லோரும் எண்ணினர். திருப்பணிக் குழுவினர் பொறுமையாக வேலைசெய்து, 14ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த அவ்வேலைப்பாடுகளை வெளிக்கொணர்ந்தனர். சிதைந்த இடங்களை நிரப்பும்போது மெல்லிய செங்குத்துக் கோடுகளால் மட்டுமே நிரப்பினர். தொலைவிலிருந்து பார்த்தால் சித்திரம் முழுமையாகத் தெரியும். அருகில் சென்று பார்த்தால் எது பழையது, எது நாம் சேர்த்தது என்பது விளங்கிவிடும். அப்பணிக்கு 1986இல் ஆகாகான் கட்டடக்கலை விருது கிடைத்தது. தன் கைவேலையை முன்னோரின் கைவேலையாகக் காட்டாமல் இருப்பதும் ஒருவகை நேர்மையன்றோ!

ஸன்ஆவின் சாக்குகள்

யாரும் எதிர்பாராமல் ஒன்று வெளிப்பட்டால் என்ன நேரும் என்பதற்கு யமன் நாட்டுத் தலைநகர் ஸன்ஆவின் பெரிய பள்ளி உதாரணமாகும். 1972இல் அப்பள்ளியைப் பழுதுபார்த்தபோது, உள்விதானத்திற்கும் மேற்கூரைக்கும் இடைப்பட்ட மறைவிடத்தில் பழைய தோலேடுகளும் தாள்களும் குவியலாகக் கிடக்கக் கண்டனர். அவை நீராலும் பூச்சியாலும் ஒட்டிக்கொண்டு, பார்ப்பதற்குக் குப்பை போல் இருந்தன. தொழிலாளர்கள் அவற்றை உருளைக்கிழங்குச் சாக்குகளில் திணித்து ஒதுக்கிவைத்தனர். ஏறத்தாழ இருபது சாக்குகள்.

நாட்டின் தொல்பொருள் துறைக்குத் தலைவராயிருந்த காளி இஸ்மாயீல் அல்அக்வஃ அவர்கள் அதன் மதிப்பை உணர்ந்தார். வெளிநாட்டு நிபுணர்களின் உதவியை நாடினார். 1980களில் ஜெர்மனியின் நிதியுதவியுடன் ஏடுகள் பிரித்துத் துப்புரவு செய்யப்பட்டு வகைப்படுத்தப்பட்டன. ஏறத்தாழ 12,000 தோலேட்டுத் துண்டுகள்; அவை 900க்கும் மேற்பட்ட முஸ்ஹஃபுகளைச் சேர்ந்தவை. உலகில் இன்று எஞ்சியுள்ள மிகப் பழமையான குர்ஆன் ஏடுகளிற் சில அவற்றுள் உள்ளன. ஹிஜ்ரி முதல் நூற்றாண்டின் எழுத்துமுறையை இன்று நாம் கண்ணால் காண்பது அவற்றால்தான். தேய்ந்த முஸ்ஹஃபை மிதிபடாத உயரத்தில் மறைத்துவைத்த அம்மக்களின் மரியாதையும், அதை அடையாளம் கண்ட ஒரு காளியின் விழிப்பும் சேர்ந்து அவ்வேடுகளைக் காத்தன. காளி ஒருநாள் பாராமுகமாயிருந்தால் என்னவாகியிருக்கும்?

ஆயினும் ஒன்றை நாம் நினைக்கவேண்டும். எந்த ஏடு எந்த மூலையில், எதன் மேல், எதன் கீழ் கிடந்தது என்பதைச் சாக்கு சொல்லாது. சாரத்தின்மேல் குறிப்பேட்டுடன் ஒருவர் நின்றிருந்தால் அந்த ஸனதும் நமக்குக் கிடைத்திருக்கும்.

கண்காணிப்பாளர் என்ன செய்வார்?

இப்பணி எப்படி நடக்கும் என்பதைச் சகோதரர்கள் அறிந்துகொள்வது நலம். பணி தொடங்குமுன் கட்டடம் உள்ளபடியே அளக்கப்படும். ஒவ்வொரு சுவருக்கும், ஒவ்வொரு தூணுக்கும் எண் இடப்பட்டுப் படமெடுக்கப்படும். எந்தெந்த இடத்தில் எவ்வளவு ஆழத்திற்கு வெட்டப்போகிறோம் என்று பொறியாளர் கூறவேண்டும். மற்ற நாட்களில் கண்காணிப்பாளருக்கு வேலை அதிகம் இல்லை. வெட்டும் நாட்களிலும், காரை சுரண்டும் நாட்களிலும் மட்டும் அவர் உடனிருப்பார்.

வெட்டிய பள்ளத்தின் பக்கச்சுவரைச் சீவிப் பார்த்தால், அடுக்கடுக்காக மண்ணின் நிறம் மாறுவது தெரியும். ஒரு சுண்ணாம்புத் தரை, அதன்கீழ் மணல், அதன்கீழ் செங்கற்பொடி, அதன்கீழ் மற்றொரு தரை என்றிருந்தால், பள்ளி எத்தனை முறை உயர்த்தப்பட்டது என்பது அங்கேயே எழுதப்பட்டிருக்கிறது. அதனை அளவுகோல் வைத்துப் படமெடுத்து, வரைந்து, வடதிசையைக் குறித்து எழுதிக்கொள்வார். ஏதேனும் பொருள் வெளிப்பட்டால், அவ்விடத்தில் மட்டும் சற்றுநேரம் வேலையை நிறுத்தச் சொல்லுவார். கொத்தனார் அதற்குள் வேறிடத்தில் வேலை பார்க்கலாம். பொருள் எண்ணிடப்பட்டு உறையிலிடப்படும். இறுதியில் ஓர் அறிக்கை எழுதப்படும். ஒன்றுமே கிடைக்கவில்லையெனில், ஒன்றும் கிடைக்கவில்லை என்பதும் எழுதப்படும். அதுவும் ஓர் அறிவே.

நம் உள்ளங்களில் எழும் தயக்கங்கள்

இச்செய்தி வெளியே வந்ததிலிருந்து சகோதரர்கள் சிலர் நம்மிடம் தம் தயக்கங்களைக் கூறினர். அவை நியாயமான தயக்கங்கள். மறைத்துப் பேசுவதில் பயனில்லை.

முதலாவது, செலவும் தாமதமும். ரமளானுக்கு முன் பணி முடியவேண்டும் என்ற கவலை நமக்கும் உண்டு. ஆனால் கண்காணிப்புக்குத் தேவை சில நாட்கள் ஒருவர் உடனிருப்பது மட்டுமே. வெட்டும் பணிகளை அடுத்தடுத்த நாட்களில் வைத்துக்கொண்டால் அந்நாட்களும் குறையும். சுவருக்குப் பூசும் வண்ணத்தின் தரத்தைப் பற்றி மூன்று அமர்வுகள் பேசிய நாம், இதற்கு ஒரு சிறு தொகை ஒதுக்குவது பெரிதன்று.

இரண்டாவது, பள்ளி நம் கையை விட்டுப் போய்விடுமோ என்ற ஐயம். மத்திய அரசோ மாநில அரசோ பாதுகாக்கப்பட்ட சின்னமாக அறிவித்துள்ள கட்டடமாயின், முன் அனுமதியின்றி ஒரு கல்லையும் தொடுவது குற்றம். நமது பள்ளி அப்பட்டியல்களில் இல்லை. ஒருவர் உடனிருந்து குறிப்பெடுப்பதால் மட்டும் எந்தக் கட்டடமும் அப்பட்டியலில் ஏறிவிடாது. அதற்கு அரசாங்கம் முறைப்படி அறிவிப்பு வெளியிட்டாக வேண்டும். அதேவேளை 1878ஆம் ஆண்டின் இந்தியப் புதையல் சட்டம் ஒன்று இருக்கிறது. மண்ணில் மறைந்திருந்து கிடைக்கும் பொருளின் மதிப்பு பத்து ரூபாய்க்கு மேற்பட்டால், கண்டெடுத்தவர் மாவட்ட ஆட்சியருக்கு எழுத்து மூலம் தெரிவிக்க வேண்டும் என்பது அதன் விதி. தெரிந்தவர் ஒருவர் உடனிருந்தால் இவ்விதியை மீறும் நிலை நமக்கு ஏற்படாது. ஒளித்துவைக்கப்பட்ட பொருளே பின்னர் சங்கடத்தைத் தரும்.

மூன்றாவது, மெதுவான குரலில் சொல்லப்பட்ட தயக்கம். தோண்டுதல் என்னும் சொல்லே இந்நாட்டில் நம் செவிக்கு இனிமையாக இல்லை. பள்ளியின் அடியில் என்ன இருக்கிறது என்று கேட்டுக்கொண்டு வருவோரை நாம் கண்டிருக்கிறோம். நாமே ஏன் வாசலைத் திறந்துவிட வேண்டும் என்பது அவர்களின் கேள்வி. இதற்கு நாம் இரண்டு விஷயங்களைக் கூறுகிறோம். கண்காணிப்பு என்பது தேடித் தோண்டுவதன்று. கால்வாய்க்காகவும் தரைக்காகவும் நாம் எப்படியும் வெட்டவிருக்கும் இடத்தில் ஒரு கண்ணை வைப்பது மட்டுமே. அடுத்தது, எழுதப்படாத நிலத்தைப் பற்றி எவரும் எதையும் சொல்லலாம். நாளும், அளவும், படமும், சாட்சிகளின் கையெழுத்தும் உள்ள நிலத்தைப் பற்றி அவ்வாறு சொல்ல இயலாது. இப்னு ஸுபைர் (ரலி) அவர்களின் எதிரியையே ஒப்புக்கொள்ளச் செய்தது எது? நேர்மையாளர்கள் கண்ணால் கண்டது அல்லவா? உண்மை நமக்கு அந்நியமன்று. அதைக் கண்டு அஞ்சுவதற்கு முஃமினுக்கு என்ன இருக்கிறது?

மேலும் நம் முன்னோர் இம்மண்ணில் எப்படி வாழ்ந்தார்கள் என்பதற்கான சாட்சியமும் இத்தகைய சுவர்களில்தான் இருக்கிறது. கோழிக்கோட்டின் முச்சுந்திப் பள்ளியில் 13ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த கல்வெட்டு ஒன்று உள்ளது. ஒருபுறம் அரபி, மறுபுறம் வட்டெழுத்து. அப்பள்ளிக்குச் சாமூதிரி மன்னர் அளித்த கொடையை அது கூறுகிறது. ஓர் இந்து மன்னரின் கொடையும் ஒரு பள்ளியின் கண்ணியமும் ஒரே கல்லில் பதிந்திருக்கின்றன. அக்கல்லை யாரேனும் படிக்கட்டுக்கு உடைத்துப் போட்டிருந்தால், அந்த நட்புக்கு இன்று சாட்சி ஏது?

நாம் முன்வைக்கும் வேண்டுகோள்

ஆகவே நிர்வாகக் குழுவின் மேலான கவனத்திற்குச் சிலவற்றைச் சமர்ப்பிக்கிறோம்.

ஒன்று, ஒப்பந்தக்காரருடன் செய்யும் உடன்படிக்கையிலேயே கண்காணிப்புக்கான வாசகம் இடம்பெற வேண்டும். இடையில் சேர்த்தால் மனத்தாங்கல்தான் மிஞ்சும்.

இரண்டு, பணி தொடங்குமுன் உள்பள்ளி, வெளிப்பள்ளி, ஹவுள், மையவாடிச் சுவர் அனைத்தும் படமெடுக்கப்பட்டு, அவற்றின் ஒரு படி ஜமாஅத் அலுவலகத்திலும் மற்றொரு படி வேறோர் இடத்திலும் வைக்கப்பட வேண்டும். இதற்கு நம் வாலிபர்கள் போதும்.

மூன்று, கல்தூண்களை மணல் பீய்ச்சியோ, எந்திரத்தால் தேய்த்தோ பளபளப்பாக்கக் கூடாது. எனாமல் பெயிண்டும் வேண்டா. சுண்ணாம்பு அடுக்குகளை மரத்தகட்டால் மெல்ல நீக்கினால், கீழே எழுத்திருப்பின் தானே தெரியும்.

நான்கு, எழுத்துள்ள கல் எதுவாயினும் இருக்கும் இடத்திலேயே இருக்கட்டும். தமிழ் எழுத்தாயின் மாநிலத் தொல்லியல் துறைக்குத் தெரிவிக்கலாம். அரபி, பார்ஸி எழுத்துகளைப் படியெடுத்துப் படிப்பதற்கென்றே இந்தியத் தொல்லியல் துறையின் கல்வெட்டுப் பிரிவு ஒன்று நாகபுரியில் உள்ளது. அவர்கள் ஈரத்தாளைக் கல்லில் ஒற்றி, மை தட்டிப் படியெடுத்துச் செல்வார்கள். கல் அதே இடத்தில் இருக்கும்.

ஐந்து, வெட்டும்போது மனித எலும்பு தென்பட்டால் உடனே வேலையை நிறுத்தி நிர்வாகத்திற்கும் நமக்கும் அறிவிக்க வேண்டும். மய்யித்தின் எலும்புக்கும் கண்ணியம் உண்டு. அதைக் கலைக்காமல் கால்வாயை ஒரு முழம் தள்ளி வெட்டுவது எல்லாவற்றினும் மேலானது.

ஆறு, கண்காணிப்பாளரின் அறிக்கை வந்ததும் அதன் சுருக்கம் அடுத்த ஆண்டறிக்கையில் அச்சிடப்பட வேண்டும். ஜமாஅத்தின் பொருளில் செய்த பணியின் விவரம் ஜமாஅத்தார் ஒவ்வொருவருக்கும் உரியது.

அன்புச் சகோதரர்களே! இப்பள்ளியைக் கட்டியவர்கள் தம் பெயரை எழுதிவைக்கவில்லை. எந்தக் கப்பலில் மரம் வந்தது, எந்தக் குன்றிலிருந்து கல் வந்தது, எந்தப் பெண்மணி தம் நகையைத் தந்தார் என்பதெல்லாம் நமக்குத் தெரியாது. அல்லாஹ் அறிவான், அது போதும். ஆயினும் அவர்களுடைய கைத்தடம் காரைக்கு அடியில் இன்னும் இருக்கிறது. அதை ஒருமுறை பார்க்கும் வாய்ப்பு இவ்வாண்டு நமக்கு வருகிறது. தரை மூடப்பட்ட பின் அவ்வாய்ப்பு நம் பேரப்பிள்ளைகளுக்குக் கிடைக்குமோ கிடைக்காதோ, அறியோம். வக்ஃபு நம்மிடம் ஒப்படைக்கப்பட்ட அமானிதம். அமானிதத்தைச் சீர்செய்பவர், சீர்செய்யுமுன் அது எவ்வாறு இருந்தது என்று சொல்லவும் கடமைப்பட்டவர்.

வல்ல அல்லாஹ் நமது திருப்பணியை இலகுவாக்கி, இதற்கு உடலாலும் பொருளாலும் அறிவாலும் உதவும் அனைவருக்கும் நிறைவான நற்கூலி வழங்குவானாக. இப்பள்ளியைக் கட்டிச்சென்ற முன்னோர்களின் கபுறுகளை ஒளிமயமாக்குவானாக. நம்மையும் நம் சந்ததிகளையும் அவனுடைய இல்லங்களின் நம்பிக்கைக்குரிய ஊழியர்களாக ஆக்குவானாக. ஆமீன்.

வஸ்ஸலாமு அலைக்கும் வரஹ்மத்துல்லாஹி வபரகாத்துஹு.